இறப்பு நிகழ்ந்த வீட்டை வாங்கலாமா?

சேலம் அழகாபுரத்தில் ஒரு தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. வீட்டைக் கட்டிய பெரியவர் 2016-இல் நோய்வாய்ப்பட்டு அந்த வீட்டிலேயே காலமானார். அவருடைய ஒரே மகன் 2022-இல் மாடி அறையில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். பெரியவரின் மனைவியும் மகளும் இப்போது வீட்டை விற்கிறார்கள். மகனின் மனைவி ஐந்து வயதுக் குழந்தையோடு ஆத்தூரில் தாய் வீட்டில் இருக்கிறார். அக்கம்பக்கத்து விலையைவிடக் கணிசமாகக் குறைத்துத் தருவதாகத் தரகர் சொல்கிறார். உங்கள் தாயாரோ அந்த வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன் என்கிறார். வாங்கலாமா, கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் தாயும் மகளும் மட்டும் கையெழுத்திட்டுத் தரும் கிரயப் பத்திரத்தை நம்பி வாங்கக்கூடாது. சேலத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்தியும், வீட்டுக்கடனுக்காக வங்கிகளுக்குச் சட்டக் கருத்துரை எழுதியும் வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த வரையில், இப்படிப்பட்ட வீடுகளை வாங்கியவர்களை ஆவி துரத்தியதில்லை. கையெழுத்திடாத வாரிசுகள் துரத்தியிருக்கிறார்கள். உங்கள் கேள்வியில் ஒரு வாக்கியத்தில் வந்து போகும் அந்த ஆத்தூர்ப் பெண்ணையும் அவருடைய குழந்தையையும் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன், உங்கள் தாயாரின் அச்சம் ஒதுக்கித் தள்ளக்கூடியதன்று என்பதால், அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெரியவரின் இறப்பை ஒரு குறையாகவே எண்ண வேண்டியதில்லை. நம் பக்கத்தில் வயதானவர்கள் வீட்டில் உயிர் விடுவதையே நல்ல சாவாகக் கருதி வந்திருக்கிறோம். மருத்துவர் கைவிரித்தபின், மூச்சு இருக்கும்போதே ஆம்புலன்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, சொந்தங்கள் வாயில் பால் ஊற்றி அனுப்பிவைப்பது இன்றும் நடக்கிறது. செவ்வாய்ப்பேட்டையிலும் குகையிலும் அம்மாப்பேட்டையிலும் நூறு ஆண்டைக் கடந்த வீடுகள் இருக்கின்றன. அவற்றுள் பிறப்பும் இறப்பும் காணாத வீடு ஒன்றைக் காட்டுவது கடினம். அந்த வீடுகளில்தான் தறி ஓடியது, கொலுசுப் பட்டறை நடந்தது, திருமணப் பந்தல் போடப்பட்டது. உங்கள் தாயார் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே எத்தனை பேர் காலமானார்கள் என்று அவரிடம் அன்போடு கேட்டுப் பாருங்கள்.

சாத்திரத்தையும் வழக்கத்தையும் முழுமையாக ஏற்பவருக்கும் அவை ஒரு கால எல்லையை வைத்திருக்கின்றன. தீட்டுக்கு நாள் கணக்கு உண்டு. பதினாறாம் நாள் கருமாதியோடு அது கழிகிறது. இறந்த நேரத்து நட்சத்திரத்தைப் பார்த்து அடைப்பு என்று ஒன்று சொல்வார்கள். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகியவற்றில் இறந்தால் ஆறு மாதம், ரோகிணிக்கு நான்கு மாதம், கார்த்திகைக்கும் உத்திரத்துக்கும் மூன்று மாதம், மிருகசீரிடம், புனர்பூசம், சித்திரை, விசாகம், உத்திராடம் ஆகியவற்றுக்கு இரண்டு மாதம் என்று பஞ்சாங்கங்கள் பட்டியலிடுகின்றன. அந்தக் காலம் வரை உயிர் பிரிந்த அறையை மூடி வைப்பது, விளக்கேற்றுவது, சில குடும்பங்களில் வீட்டையே விட்டு வெளியில் தங்குவது என்று பழக்கம் வேறுபடும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், பட்டியலில் மிக நீண்ட காலமே ஆறு மாதம்தான். அது முடிந்ததும் கதவைத் திறந்து, சுத்தம் செய்து, விளக்கேற்றி, அதே குடும்பம் அதே அறையில் வாழ்கிறது. இறப்பு நடந்த வீட்டை என்றென்றைக்கும் விலக்கச் சொல்வது அந்த மரபு அன்று.

மகனின் இறப்பு இயற்கையானதன்று என்பதால் அங்கே அச்சம் கூடுதலாக இருப்பது புரிகிறது. துர்மரணத்துக்கென்று தனியாகச் செய்யும் தில ஹோமம் முதலியவை இறந்தவரின் குடும்பத்தார் அவருக்காகச் செய்பவை. வீட்டை வாங்குகிறவர் மேல் விழும் கடன் அன்று. அந்தக் குடும்பத்தார் பவானி கூடுதுறைக்கோ இராமேசுவரத்துக்கோ போய்க் காரியம் செய்துவிட்டார்களா என்று தாயார் அறிய விரும்பினால், வீட்டு அம்மாவிடம் தனியாக, தணிந்த குரலில் கேட்கலாம். அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது, எந்தப் பழைய வீட்டுக்கும் செய்வதுதான்: சுண்ணாம்போ வண்ணமோ அடித்து, கணபதி ஹோமம் செய்து, பால் காய்ச்சிக் குடிபோவது. கிறித்தவக் குடும்பங்கள் குருவை அழைத்து வீட்டை மந்திரிப்பதும், இஸ்லாமியக் குடும்பங்கள் குர்ஆன் ஓதிக் குடியேறுவதும் இதே மன அமைதிக்காகத்தான். பரிகாரம் என்று பெருந்தொகை கேட்டு ஒருவர் வந்து நின்றால் அவரை அனுப்பிவிடுங்கள்.

விற்பவர் இதை உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டவரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் அந்த இடத்தில் நிகழ்ந்த இறப்பை மறைக்கக்கூடாது என்ற விதி இருக்கிறது. ஜப்பானில் 2021-இல் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், முதுமையாலும் நோயாலும் வந்த இறப்பைச் சொல்லத் தேவையில்லை என்றும், தற்கொலை, கொலை போன்றவற்றை வாடகை வீடுகளில் ஏறத்தாழ மூன்று ஆண்டு வரை சொல்ல வேண்டும் என்றும் பிரித்துக் காட்டுகிறது. இந்தியாவில் அப்படித் தனி விதி எதுவும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவில், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை விற்பவர் சொல்ல வேண்டும் என்கிறது. அது சொத்திலும் உரிமையிலும் உள்ள குறையைப் பற்றியது. ஓர் அறையில் ஒருவர் இறந்தார் என்பதை அதற்குள் கொண்டுவருவது எளிதன்று. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனத்தை மோசடியாகக் கொள்வதில்லை. நேரடியாகக் கேட்டபோது பொய் சொன்னால் நிலைமை வேறு. ஆகையால் கேட்க வேண்டும். பதிலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்க வேண்டும். உங்கள் விஷயத்தில் குடும்பத்தார் தாமாகவே சொல்லிவிட்டார்கள். அது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று. அதே நேர்மையோடு அவர்கள் மருமகளைப் பற்றியும் பேசுவார்கள் என்று நம்புவோம்.

இனி உரிமைக்கு வருகிறேன். பெரியவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மனை வாங்கி வீடு கட்டி, உயில் எழுதாமல் காலமானார் என்று வைத்துக்கொள்வோம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது. பத்திரம் இன்னும் பெரியவர் பெயரிலேயே இருக்கலாம், பட்டா மாறாமல் இருக்கலாம், மாநகராட்சி வரி ரசீது யார் பெயரிலும் வரலாம். பங்கு பிறப்பதற்கு அவை எதுவும் தேவையில்லை. 2022-இல் மகன் இறந்தபோது அவருடைய மூன்றில் ஒரு பங்கு திரும்பித் தாயிடமும் அக்காளிடமும் போகவில்லை. மனைவி, குழந்தை, தாய் ஆகிய மூவருக்கும் சமமாகப் பிரிந்தது. உடன்பிறந்தவர் அந்த வரிசையில் வரமாட்டார். கணக்கிட்டால், வீட்டை ஒன்பது பங்காக வைத்துக்கொண்டு, தாய்க்கு நான்கு, மகளுக்கு மூன்று, மருமகளுக்கு ஒன்று, பேரக்குழந்தைக்கு ஒன்று. ஊரெல்லாம் அஞ்சிப் பேசும் அந்த இறப்புதான் இந்தக் கடைசி இரண்டு பங்குகளை உண்டாக்கியது. விலை பேசும் இடத்தில் அவர்கள் இருவரையும்தான் காணவில்லை.

காணாததற்குக் காரணமும் எனக்குத் தெரிந்ததே. மகன் இப்படிப் போன வீட்டில் பழி பெரும்பாலும் மருமகள் மேல் விழுகிறது. சாவு வீட்டிலேயே வார்த்தை தடித்து, கருமாதி முடிந்த கையோடு அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். பிறகு ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து, போட்ட நகையையும் சீர்வரிசையையும் திருப்பிக் கொடுத்து, இனி இந்தச் சொத்தில் எனக்குப் பாத்தியதை இல்லை என்று வெள்ளைத் தாளில் ஒரு கையெழுத்து வாங்கியிருப்பார்கள். தரகர் அந்தத் தாளைத்தான் உங்களிடம் காட்டி, கணக்கு முடிந்துவிட்டது என்பார். முடியவில்லை. அசையாச் சொத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுப்பதானால் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பெண் நாளை மறுமணம் செய்துகொண்டாலும் கணவரிடமிருந்து ஏற்கெனவே வந்து சேர்ந்த பங்கு அவரை விட்டுப் போகாது. அவர் மனமொப்பித் தம் பங்கை விடுதலை செய்து தரலாம், அல்லது விற்பவர்களில் ஒருவராகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டுத் தம் பங்குத் தொகையைப் பெறலாம். இரண்டாவதே முறையானது என்பது என் கருத்து.

குழந்தையின் பங்கு அப்படி முடிவதில்லை. தாய் இயற்கைக் காப்பாளர்தான் என்றாலும், மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்ற முன் அனுமதியின்றி விற்க அவருக்கு அதிகாரம் கிடையாது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அனுமதியில்லாமல் எழுதிய கிரயத்தை அந்தக் குழந்தை பெரியவனாகி அல்லது பெரியவளாகி ரத்து செய்யக் கோரலாம். பதினெட்டு வயது நிரம்பியதிலிருந்து மூன்று ஆண்டு வரை அதற்குக் கால வரம்பு இருக்கிறது. குழந்தைக்கு இப்போது ஐந்து வயது என்றால், இன்னும் பதினாறு ஆண்டுகள் உங்கள் வீட்டின் ஒன்பதில் ஒரு பங்கு கேள்விக்குறியோடு இருக்கும். அதற்குள் நீங்கள் விற்க நினைத்தால் வாங்குபவரின் வழக்கறிஞர் இதைக் கண்டுபிடிப்பார்; கடன் கேட்டால் வங்கியின் வழக்கறிஞர் கண்டுபிடிப்பார். அனுமதி கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனு போடலாம். விற்பனை குழந்தைக்குத் தேவையானது அல்லது வெளிப்படையான நன்மை தருவது என்று நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். குழந்தையின் பங்குத் தொகையை அது வயதுக்கு வரும் வரை வங்கியில் வைப்பு நிதியாகப் போடச் சொல்லி உத்தரவிடுவது வழக்கம். இதற்குச் சில மாதங்கள் ஆகும். அந்தத் தாமதத்தைத் தாங்க முடியாத தரகர் சொல்லும் குறுக்குவழி எதையும் ஏற்காதீர்கள். அந்தக் குழந்தைக்குத் தகப்பன் விட்டுப்போனது அந்த ஒரு பங்கு மட்டுமாகவும் இருக்கலாம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பெரியவரின் தாயார் 2016-இல் உயிரோடு இருந்தாரா என்றும் கேளுங்கள். இருந்திருந்தால் அவரும் முதல் நிலை வாரிசு. மூன்றாகப் பிரித்த கணக்கு நான்காகும். அவர் பிறகு காலமாகியிருந்தால் அந்தப் பங்கு பெரியவரின் உடன்பிறந்தோர் வரை போகும். பாட்டியை மறந்து எழுதிய பத்திரங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். சொத்து பெரியவருக்குப் பூர்வீகமாக வந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி. வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அதிலும் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், பூர்வீகச் சொத்தில் மகள்களின் பிறப்புரிமையில் ஐயம் இல்லை. ஆகவே மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் எந்தக் கணக்கையும் இறுதியாகக் கொள்ளாதீர்கள். உயில் ஒன்றைக் காட்டினால் அதற்கும் சாட்சிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். சேலத்தில் எழுதிய, சேலத்துச் சொத்தைப் பற்றிய உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயமில்லை என்பதால், அதன் உண்மையை ஒரு நீதிமன்றம் ஏற்கெனவே சோதித்திருக்கும் என்று எண்ண இடமில்லை.

இன்னொன்று இறந்தவரின் பெயரால் இயங்கும் பொது அதிகாரப் பத்திரம். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்த கணமே, சில விதிவிலக்குகள் தவிர, அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. பெரியவர் 2014-இல் மகளுக்குப் பவர் கொடுத்திருந்தார், அதை வைத்துப் பதிவை முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அது செல்லாத பத்திரத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணம்.

அடுத்து, மகன் ஏன் அந்த முடிவுக்குப் போனார் என்பது. ஊர்வம்புக்காக இதைக் கேட்கச் சொல்லவில்லை. மனநோய், உடல்நோய், இல்வாழ்க்கைத் துயரம் என்றால் அது அவர்களுடைய துக்கம். அதற்குமேல் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. கடன் என்றால் அது வீட்டைத் தொடும். கந்துவட்டிக்காரரிடம் புரோநோட்டும் வெற்று முத்திரைத் தாளும் கொடுத்திருக்கலாம். தம் பங்கை விற்பதாக ஒருவரோடு பதிவு செய்யாத ஒப்பந்தம் போட்டிருக்கலாம். தொழில் கடனுக்காக வீட்டின் அசல் பத்திரத்தை எங்காவது கொடுத்திருக்கலாம். கடன் கொடுத்தவர்கள் அவருடைய பங்கின் மேல் நீதிமன்றத்தில் ஜப்தி உத்தரவு வாங்கியிருக்கவும் கூடும். வில்லங்கச் சான்றில் பதிவான அடமானமும் சார்பதிவாளருக்குத் தெரிவிக்கப்பட்ட ஜப்தியும் வரும், பதிவாகாதது வராது. ஆகவே வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல், மகன், தாய், மகள், மருமகள் ஆகிய எல்லார் பெயரையும் நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடச் சொல்லுங்கள். அசல் மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். உங்கள் வழக்கறிஞர் மூலம் நாளிதழின் சேலம் பதிப்பில் பொது அறிவிப்பு கொடுங்கள். அறிவிப்பைப் பார்த்து ஒருவர் உரிமை கோரி வந்தால், பணம் கைமாறும் முன்பே அவர் வந்தது உங்களுக்கு நல்லது.

காவல்துறைப் பதிவும் இருக்கும். இயற்கைக்கு மாறான இறப்பு என்பதால் அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் வழக்குப் பதிந்து விசாரித்திருப்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அதே வேலையை, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 194-ஆம் பிரிவு செய்கிறது. விசாரணை முடிந்து இறுதி அறிக்கை போடப்பட்டதா என்று அறிந்துகொண்டால் போதும். தற்கொலைக்குத் தூண்டியதாக யார் மேலாவது வழக்கு நிலுவையில் இருந்தாலும் அது வீட்டு விற்பனையைத் தானாகத் தடுக்காது. ஆனால் இரு குடும்பங்களும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட வருவதைக் கடினமாக்கும். கொலை நடந்த வீடானால் வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு வந்து நிற்கும். கொன்றவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. அப்படிப்பட்ட வீட்டை, அந்த வழக்கு முடியும் முன் வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

விலையைப் பற்றி. பேச்சு அடிபடும் வீட்டுக்கு விலை குறைவது இயல்பு. ஆனால் அதே பேச்சு நீங்கள் விற்கும்போதும் இருக்கும் என்பதால், விலைக் குறைப்பு முழுவதையும் ஆதாயமாக எண்ணாதீர்கள். பத்து, பதினைந்து ஆண்டு குடியிருக்க வாங்குபவருக்கு அது பொருட்டல்ல, இரண்டு ஆண்டில் விற்க வாங்குபவருக்குப் பொருட்டு. அரசின் வழிகாட்டி மதிப்புக்கு வீட்டில் யார் இறந்தார் என்பது தெரியாது. நீங்கள் குறைத்து வாங்கினாலும் முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்பின் மேல்தான். வருமான வரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வழிகாட்டி மதிப்பு 60 லட்சம் ரூபாயாக இருந்து நீங்கள் 48 லட்சத்துக்கு வாங்கினால், வித்தியாசம் விலையின் பத்து சதவீதத்தைத் தாண்டுவதால், அந்த 12 லட்சமும் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி கேட்கப்படும். விற்பவருக்கும் மூலதன ஆதாய வரி 60 லட்சத்தின் மேல் கணக்கிடப்படும். விலை குறைந்ததற்கு உண்மையான காரணம் உண்டு என்று மதிப்பீட்டு அலுவலரின் பார்வைக்குக் கொண்டுபோக வழி உண்டு. அதற்காகவே பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் ஓர் அறிக்கை வாங்கி வைப்பது நல்லது. அழகாபுரம் போன்ற இடங்களில் சந்தை விலை வழிகாட்டி மதிப்பைவிட மேலே இருக்குமானால் இந்தச் சிக்கல் எழாது. எப்படியாயினும், இரண்டு பெண்கள் தாங்க முடியாமல் விற்கும் வீட்டை, அவர்களுடைய அவசரத்தைப் பார்த்து மேலும் மேலும் அடித்துப் பேசாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் இல்லாவிட்டாலும், இதைப் படிக்கும் மற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த இறப்புக்கு வீடே காரணமா? மின்கசிவில் ஒருவர் இறந்த வீட்டில் எர்த் இணைப்பும் வயரிங்கும் மாற்றப்பட்டனவா, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்க வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு கீசர், கைப்பிடிச் சுவரில்லாத மாடி, மூடியில்லாத கிணறு, உளுத்த செப்டிக் டேங்க் மூடி ஆகியவை அடுத்த உயிரையும் எடுக்கக்கூடியவை. ஏற்காட்டில் பழைய பங்களா தேடுபவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கிக் கார்பன் மோனாக்சைடால் இறப்பது மலை ஊர்களில் நடக்கும் விபத்து. புகை போக்கி அடைபட்ட கணப்பும் அப்படியே. சரிவில் கட்டிய வீட்டில் தடுப்புச் சுவர் தள்ளிக்கொண்டு நிற்கிறதா, மழைநீர் போக வழி இருக்கிறதா என்று மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். பழைய காப்பித் தோட்டங்களுக்குள் குடும்பக் கல்லறைகள் இருப்பதுண்டு. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; அந்தக் குடும்பத்தார் ஆண்டுதோறும் வந்து வழிபடும் உரிமையையும் அதற்கான பாதையையும் பழைய பத்திரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

உங்கள் தாயாரிடம் திரும்பி வருகிறேன். காலையில் நீங்களும் உங்கள் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் அந்த வீட்டில் தனியாக இருக்கப் போகிறவர் அவர்தான். மாடியில் ஒரு கதவு காற்றில் அடித்தாலும் அவருக்கு அந்தப் பையனின் நினைவு வரும். அது மூடநம்பிக்கை என்று வாதாடி வெல்வதால் பயன் இல்லை. ஒரு பகல் வேளையில் அவரை அழைத்துச் சென்று, வீட்டு அம்மாவோடு உட்காரவையுங்கள். இரண்டு தாய்மார்கள் பேசிக்கொண்டால் வீட்டைப் பற்றிய கதை மாறி, அங்கே வாழ்ந்த மனிதர்களைப் பற்றிய பேச்சாக ஆகும். என் கட்சிக்காரர் குடும்பங்களில் அச்சம் குறைந்தது பெரும்பாலும் அப்படித்தான். எதிர்வீட்டுக்காரரிடமும் பேசட்டும். அந்த மாடி அறையைப் படுக்கையறையாக வைக்காமல், நடுச்சுவரை எடுத்துப் பெரிய சன்னல் வைத்துப் பிள்ளைகள் படிக்கும் இடமாக்கலாம் என்பது போன்ற மாற்றங்களையும் அவரிடமே கேட்டுச் செய்யலாம். சுவர் பாரம் தாங்குவதா என்று பொறியாளரிடம் கேட்ட பிறகு. இவ்வளவுக்குப் பிறகும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால் வாங்காதீர்கள். பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் என் பதில் அதுதான். சேலத்தில் வேறு வீடு கிடைக்கும்.

தாயார் இசைந்தால், இந்த வாரம் செய்ய வேண்டியது இது. தரகரிடம் இரண்டு இறப்புச் சான்றிதழ்களையும், வட்டாட்சியர் வழங்கிய இரண்டு வாரிசுச் சான்றிதழ்களையும் கேளுங்கள். பெரியவருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. 2016-இல் வாங்கிய ஒன்றை மட்டும் நீட்டி, அதில் மகன் பெயருக்கு நேரே காலமாகிவிட்டார் என்று குறித்துத் தந்தால் ஏற்காதீர்கள். இரண்டும் வந்தபின், விற்கும் அம்மாவின் சம்மதத்தோடு, இரு குடும்பத்துக்கும் பொதுவான ஒருவர் துணையுடன் ஆத்தூருக்குப் போய் அந்தப் பெண்ணையும் அவருடைய பெற்றோரையும் பாருங்கள். அவருடைய பங்குத் தொகை அவருடைய வங்கிக் கணக்குக்கே நேராக வரும், குழந்தையின் தொகை நீதிமன்றம் சொல்லும் இடத்தில் இருக்கும் என்பதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள். மாமியார் வீட்டு வாய்வழியாகப் போனால் அவர் நம்பமாட்டார். அவர் உடன்பட்ட பிறகு, நால்வரையும் தரப்பினராகச் சேர்த்து, குழந்தையின் பங்குக்கு மாவட்ட நீதிமன்ற அனுமதி கிடைத்தால் மட்டுமே கிரயம் என்றும், கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்பட வேண்டும் என்றும் எழுதி, அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸை அதுவரை கொடுக்க வேண்டாம்; டோக்கன் என்று சொல்லிக் கேட்டாலும் கூடாது.